பிள்ளைகுட்டியோடு ஒரு சாவடி யாத்திரை

பினாங்குத் தீவை விட்டு வெளியே போக யாரும் காசு கேட்பதில்லை. வீடு திரும்பத்தான் காசு. 1985இல் திறந்த பாலத்தின் ஏற்பாடு அப்படி. அக்கரையில் இருக்கும் பிறை டோல் சாவடி, தீவுக்கு வருகிறவனை மட்டும் நிறுத்தும். பல காலம் காருக்கு 7 ரிங்கிட். 2020இல் கழித்துக் கொடுத்து 5 ரிங்கிட் 74 சென். 2014இல் திறந்த இரண்டாவது பாலத்தில் 8 ரிங்கிட் 50 சென்னாக இருந்து இப்போது 7. மற்ற நாடுகளில் ஊரை விட்டு ஓடுகிறவனைப் பிடித்து நிறுத்துவார்கள். இங்கே ஓடுகிறவனுக்கு வழிவிட்டு, மனம் மாறித் திரும்புகிறவனைப் பிடிக்கிறார்கள். மனித மனத்தை நன்றாகப் படித்தவர்கள் செய்த ஏற்பாடு. இரண்டு சின்னப் பிள்ளைகளோடு கோலாலம்பூர் வரை போய் வந்தவன், வீட்டுக்குள் நுழைய எவ்வளவு கேட்டாலும் கொடுப்பான்.

பாலம் வேண்டாம், ஃபெரியில் போகலாம் என்று பிள்ளைகள் கேட்கும். நியாயமான கேள்வி. 1894 முதல் தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே ஓடிய சேவை. கார் ஏறும். கண்ணாடியை இறக்கினால் கடற்காற்று. சற்று நேரத்தில் அக்கரை. நீண்ட பயணத்தில் பிள்ளைகள் அழாமல் கடந்த தூரம் அது ஒன்றுதான். 2020 டிசம்பர் 31ஓடு அதுவும் போயிற்று. 2023 ஆகஸ்டில் நான்கு புதிய ஃபெரிகள் வந்தன. ஆள் ஏறலாம், மோட்டார் சைக்கிள் ஏறலாம், சைக்கிள் ஏறலாம். கார் ஏறாது. கைக்குழந்தை, பால் புட்டி, டயப்பர் மூட்டை, தள்ளுவண்டி, பாட்டி அனைத்தையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு கோலாலம்பூர் போக விரும்பும் குடும்பங்களுக்கு அருமையான வசதி.

கடலுக்கு அடியிலும் ஒரு வழி இருக்கிறது. காகிதத்தில். 7.2 கிலோமீட்டர் சுரங்கப்பாதைக்கு 2013இல் ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கும் அதோடு சேர்ந்த மூன்று சாலைகளுக்கும் ஆய்வு, வடிவமைப்பு என்று 30 கோடியே 50 லட்சம் ரிங்கிட் கணக்கு எழுதினார்கள். அன்று பிறந்த பிள்ளை இன்று இடைநிலைப் பள்ளி வயதுக்கு வந்துவிட்டது. சுரங்கம் இன்னும் கருவிலேயே இருக்கிறது.

ஆக, பாலத்தில் ஏறுகிறோம். தீபாவளிக்கு முந்தின நாள். காரணம் இருக்கிறது. அரசாங்கம் டோலில் ஆங்பாவ் கொடுக்கிறது.

இந்த ஆங்பாவின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2023இலும் 2024இலும் பெரிய பெருநாள்களுக்கு முன்னால், பெரும்பாலும் இரண்டு நாள், கார்களுக்கு டோல் இலவசம் என்றார்கள். 2025இல் இலவசம் பாதியாகி, 50 விழுக்காடு கழிவாயிற்று. சாவடியில் வசூலாகாத அந்தப் பணத்தைச் சாலை நிறுவனங்களுக்கு யார் ஈடுகட்டுகிறார்கள்? அரசாங்கம். அரசாங்கத்துக்கு ஏது பணம்? உங்கள் வரி. நம் சட்டைப்பையில் கைவிட்டு எடுத்த பத்து வெள்ளியில் ஐந்தை மட்டும் பளபளக்கும் உறையில் போட்டு, படம் எடுத்துக்கொண்டு, தீபாவளி வாழ்த்தோடு நீட்டும் மாமாவை நாம் எல்லோரும் குடும்பத்தில் பார்த்திருக்கிறோம். அவர் அமைச்சரவையிலும் இருக்கிறார்.

அதுகூடப் போகட்டும். அந்த இரண்டு நாள் சலுகை என்ன செய்யும்? போன வாரம் கிளம்பியிருக்கக் கூடியவனும், விடிந்தால் கிளம்பலாம் என்று இருந்தவனும், கிளம்பாமலே இருந்திருக்கக் கூடியவனும் ஒரே நாளில், ஒரே சாலையில், ஒரே தடத்தில் வந்து நிற்பார்கள். சில ரிங்கிட்டை மிச்சம் பிடிக்க அதைவிட அதிகமாகப் பெட்ரோலை எரிப்பார்கள். நின்ற காரில் குளிர்சாதனம் ஓடும். பின் இருக்கையில் இரண்டு சின்னது, ஒரு முறுக்கு டப்பா, ஒரு யுத்தம். சலுகையின் உண்மையான விலை அங்கேதான் வசூலாகிறது. பண்டிகை முடிந்து திரும்பும்போது முழுக் கட்டணம். வாழ்த்து, போகிற வழிக்கு மட்டும்.

சாலையை நடத்துகிறவர்களுக்கு நெரிசல் வருவது தெரியும். அதனால் பெருநாள்தோறும் பயண நேர ஆலோசனை வெளியிடுகிறார்கள். இன்ன ஊருக்குப் போகிறவர் இன்ன மணிக்குள் நெடுஞ்சாலையில் ஏறிவிட வேண்டும் என்று அட்டவணை. நல்ல காரியம். அதைத் தயாரித்தவர் மூன்று வயதுப் பிள்ளைக்குச் சட்டை மாட்டியதில்லை என்பது மட்டும் பார்த்தவுடன் தெரியும். பிள்ளைகளிடம் வேறு அட்டவணை இருக்கிறது. பாலம் தாண்டுவதற்குள் தாகம். ஜூருவில் பசி. தைப்பிங்கில் தூக்கம் வருவது போல ஒரு நாடகம். கோல கங்சார் தாண்டி, மெனோரா மலைச் சரிவில், நிறுத்த ஓர் அடி இடம் இல்லாத இடத்தில், "அப்பா, ஒண்ணுக்கு." அவசரத் தடத்தில் காரை நிறுத்தினால் குற்றம். சரியான சட்டம்தான், அங்கே நிறுத்திச் செத்தவர்கள் உண்டு. ஆனால் அடுத்த ஓய்வு நிலையத்துக்குள் நுழையவே ஒரு கிலோமீட்டர் வரிசை நிற்கும்போது, பிள்ளையின் அவசரத்துக்கு எந்தத் தடம் என்று யாரும் சொல்வதில்லை. அதே தடத்தில் சைரன் போட்டுக்கொண்டு ஒரு கறுப்புக் கார் அணிவகுப்பு விரைகிறது. உள்ளே இருப்பவருக்கு என்ன அவசரமோ, பாவம். ஒருவேளை சாலைப் பாதுகாப்பைத் தொடக்கி வைக்கப் போகிறாராக இருக்கும்.

ஆர் அண்ட் ஆர் எனப்படும் அந்த ஓய்வு நிலையத்துக்குள் எப்படியோ நுழைந்துவிட்டோம் என்று வையுங்கள். கழிப்பறைகள் எல்லாம் பிஎம்டபிள்யூ தரத்துக்கு உயர வேண்டும் என்று நாட்டில் ஓர் இயக்கமே நடக்கிறது. சுத்தம், அழகு, மணம் என்பதற்கான மலாய்ச் சொற்களின் முதலெழுத்துகள். நம்மில் பலர் பிஎம்டபிள்யூவுக்குள் உட்காரப் போகும் ஒரே சந்தர்ப்பம் இது என்பதால் ஆவலோடு காத்திருக்கிறோம். பண்டிகைக் காலத்தில் அந்தச் சந்தர்ப்பத்துக்கே வரிசை. டயப்பர் மாற்றும் மேசை பெண்கள் பக்கம் மட்டும் இருக்கும் என்பது பல இடங்களில் எழுதாத விதி. தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால், காரின் பின்கதவைத் தூக்கி, பெட்டிகளுக்கு நடுவே, ஊரே பார்க்க மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். குடும்பமே நாட்டின் அடித்தளம் என்று மேடையில் பேசுகிறார்கள். அந்த அடித்தளத்தைத் துடைக்க ஒரு மேசை போட மாட்டார்கள்.

பக்கத்தில் டோல் அட்டைக்குப் பணம் ஏற்றும் கடை. பல இடங்களில் ஒவ்வொரு முறைக்கும் 50 சென் கூலி. நம் பணத்தை, நம் அட்டையில் போட, நாம் கொடுக்க வேண்டிய கூலி. இதைக் கண்டுபிடித்தவருக்கு டத்தோ பட்டம் கொடுத்திருப்பார்கள் என்று நம்புகிறேன். அட்டை வேண்டாம், ஸ்டிக்கர் வாங்கு என்றார்கள். 35 ரிங்கிட். ஜூருவிலிருந்து ஸ்கூடாய் வரை, அந்த ஸ்டிக்கரைப் படித்துக் காசு பிடிக்கும் ஆர்எஃப்ஐடி என்று 2022 ஜனவரி 15இல் தொடங்கினார்கள். தைப்பூசத்துக்கு மூன்று நாள் முன்பு. நாட்காட்டி பார்க்கத் தெரிந்த ஒருவர்கூட அந்தக் கூட்டத்தில் இல்லை போலிருக்கிறது. கருவி ஸ்டிக்கரைப் படிக்கவில்லை, தடுப்புக்கம்பி தூக்கவில்லை, வரிசை நீண்டது, நாடு முழுக்கக் குமுறியது. காவடி தூக்கும் முன்பே காவடிக்கான பயிற்சி.

இனி போதனை. பெரிய பெருநாள் வந்தால் ஓப்ஸ் செலாமாட். போலீஸ் சாலையில் இறங்கும். தினம் ஒரு கணக்கு வெளியாகும்: இன்று இத்தனை விபத்து, இத்தனை மரணம். நாளிதழ்கள் அதைத் தேர்தல் முடிவு போலக் கட்டம் போட்டுப் பிரசுரிக்கும். வழிநெடுக "பாண்டு செர்மாட், ஜீவா செலாமாட்." கவனமாக ஓட்டு, உயிர் தப்பும். ஓட்டுநரே, உங்கள் அன்புக்குரியவர்கள் காத்திருக்கிறார்கள். களைப்பாக இருந்தால் ஓய்வெடுங்கள். வண்டியைச் சரிபாருங்கள். பொறுமை காட்டுங்கள். எல்லாம் உங்களுக்கு. உங்களுக்கு மட்டும். 2023இல் இந்த நாட்டுச் சாலைகளில் 6,443 பேர் இறந்தார்கள். ஆண்டுக்கு ஆறாயிரம் பேர் இறப்பது ஓட்டுநரின் பொறுமைக் குறைவால் மட்டும் என்றால், நாம்தான் உலகத்திலேயே பொறுமை கெட்ட இனமாக இருக்க வேண்டும். அந்த டோல் வரிசைகளில் நிற்பதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

சட்டங்களுக்குக் குறைவில்லை. பின் இருக்கையிலும் பட்டை கட்டாயம் என்றது 2009 ஜனவரி 1. குழந்தை இருக்கை கட்டாயம் என்றது 2020 ஜனவரி 1. இரண்டும் புத்தாண்டு அன்று பிறந்தன. புத்தாண்டுத் தீர்மானங்களின் ஆயுளே அவற்றுக்கும் வாய்த்தது. குழந்தை இருக்கைக்கு முதல் ஆறு மாதம் விழிப்புணர்வுக் காலம், சம்மன் கிடையாது என்றார்கள். பிறகு தொற்று வந்தது. எல்லோரும் வீட்டுக்குள் போனோம். விழிப்புணர்வும் படுத்துக்கொண்டது. எவ்வளவு விழித்திருக்கிறது என்று அறிய ஆய்வறிக்கை எதுவும் வேண்டாம். சாவடி வரிசையில் நிற்கும்போது பக்கத்துக் கார்களுக்குள் எட்டிப் பாருங்கள். முன் இருக்கைகளுக்கு நடுவே நின்றுகொண்டு கண்ணாடி வழியே உலகை ஆளும் நான்கு வயது ராஜா. ஸ்டியரிங்குக்கும் அப்பாவின் தொப்பைக்கும் இடையே ஓர் இளவரசி. பின்னால் கால் மேல் கால் போட்டு உறங்கும் மூன்று பேர்.

நம்மையும் விட்டுவைக்கக் கூடாது. புதுக் கார் எடுத்தால் முதலில் முனீஸ்வரர் கோயிலுக்கு ஓட்டிப் போகிறோம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பம்பருக்கு மாலை. கண்ணாடிக்குச் சந்தனம். எஞ்சினுக்குக் கற்பூரம். உள்ளே உட்காரப் போகும் பிள்ளைக்கு அம்மாவின் மடி. மணிக்கு 110இல் போகும் கார் மோதி நிற்கும் அந்த ஒரு கணத்தில், பத்துக் கிலோ குழந்தை பல நூறு கிலோ கனமாகிவிடும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடிக்காது. பாசத்தால் பௌதிகத்தை ஒன்றும் செய்ய முடியாது. ரிம்முக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிற வீட்டில்தான் குழந்தை இருக்கை "அநியாய விலை" ஆகிறது.

பாட்டி விடமாட்டார். "நாலு புள்ளைங்களையும் பின்னாடி போட்டுக்கிட்டுத்தானே கேமரன் மலைக்குப் போனோம். என்னடா ஆச்சு உங்களுக்கு? இப்போ மட்டும் என்ன புதுசா நாற்காலி?" தாத்தாவின் காலத்தில் இன்னும் மேலே. தோட்டத்து லாரியில் நின்றுகொண்டே தைப்பூசம் பார்க்கப் போனவர்கள். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறார்கள். உண்மைதான். ஏதாவது ஆனவர்கள் இந்த விவாதத்துக்கு வருவதில்லை.

ஆனாலும் குற்றப்பத்திரிகையைப் பாட்டியோடு நிறுத்திவிட முடியாது. சட்டம் போட்டவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்களா? மைவி காரின் பின் இருக்கையில் எத்தனை குழந்தை இருக்கைகளைப் பொருத்தலாம்? நான்கு பிள்ளை பெற்றவன் என்ன செய்வான்? ஐந்தாவதாக ஒரு வேன் வாங்குவானா? அதைவிடப் பெரிய கேள்வி: காரே இல்லாதவன்? நாட்டின் சாலை மரணங்களில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் மோட்டார் சைக்கிளில் நடக்கின்றன. கப்சாயின் முன்கூடையைப் பிடித்தபடி பெரியவன், நடுவில் சின்னவள், பின்னால் அம்மாவின் இடுப்பில் கைக்குழந்தை. இந்தக் குடும்பம் போதனைச் சுவரொட்டியில் வருவதில்லை. அதில் வருவது வெள்ளைக் கார், சிரிக்கும் அப்பா, கச்சிதமாகக் கட்டப்பட்ட ஒற்றைக் குழந்தை. கப்சாய்க் குடும்பத்துக்கு 2019 ஜனவரி 1 முதல் பினாங்குப் பாலங்களில் டோல் இல்லை. இலவசமாகக் கடக்கலாம். பத்திரமாகக் கடக்க வேண்டுமா என்பது அவர்கள் சொந்த விருப்பம்.

போதனை முடிந்ததும் தண்டனை. தண்டனையிலும் கழிவு. 2025 வரை சம்மனுக்கு 50 விழுக்காடு தள்ளுபடி, சில காலம் 70 விழுக்காடு என்று அவ்வப்போது அறிவித்தார்கள். பேரங்காடியில் கூட இவ்வளவு தள்ளுபடி வருட முடிவில்தான். விளைவு என்ன? விவரமானவன் உடனே கட்டவில்லை. சேர்த்து வைத்தான். மலிவு விற்பனை வந்தபோது குடும்பத்தோடு போய் மொத்தமாகத் தீர்த்தான். ஒழுங்காக முதல் வாரத்திலேயே முழுத்தொகை கட்டியவன் பக்கத்து வரிசையில் நின்று பல்லைக் கடித்தான். கட்டாமல் இழுத்தடித்தவனுக்குப் பாதி விலை, சட்டத்துக்குக் கட்டுப்பட்டவனுக்கு முழு விலை. பயம் என்று ஒன்று இருந்தால் விபத்து குறையும் என்பார்கள். இங்கே பயத்துக்கே கூப்பன் கொடுத்தார்கள்.

சரி, கார் வேண்டாம், ரயில் என்பீர்கள். பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்கு இடிஎஸ் இருக்கிறது. நல்ல ரயில். பெருநாள் டிக்கெட் திறந்த சூட்டில் தீர்ந்துவிடும். பேருந்து?

பேருந்தைப் பற்றி நகைச்சுவையாகப் பேச முடியாது. 2025 ஜூன் 9, விடியுமுன், கிரீக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை முடிந்து ஜெர்தேயிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குத் திரும்பிய பேருந்து கவிழ்ந்தது. சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்தார்கள். நாளை ஆசிரியர்களாக வேண்டியவர்கள். பேருந்து நிறுவனம் தன் உரிமத்தை வேறொருவருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது தெரியவந்தது. அதன் பிறகு. உரிமம் பறிக்கப்பட்டது. அதன் பிறகு. சிறப்புக் குழு ஆராய்ந்தது. அதன் பிறகு. விரைவுப் பேருந்துப் பயணிகள் இருக்கைப் பட்டை அணியாவிட்டால் நடவடிக்கை என்ற அமலாக்கம் ஜூலை 1இல் தொடங்கியது. பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டியது நாம். பிரேக்கைப் பார்க்க வேண்டியது யார்? உரிமம் யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டியது யார்? தகப்பன் தன் வண்டியின் டயரைப் பார்க்கவில்லை என்றால் அலட்சியம். ஓர் இலாகா தான் கொடுத்த உரிமத்தைப் பார்க்கவில்லை என்றால் அது "அமைப்பு ரீதியான குறைபாடு." 2013 ஆகஸ்டில் கெந்திங் மலைச் சரிவில் 37 பேர் இறந்தபோதும் அறிக்கை எழுதப்பட்டது. பரிந்துரைகளுக்குப் பஞ்சமில்லை. அலமாரியில் அவை பத்திரமாக இருக்கின்றன. சாலையில்தான் ஆபத்து, அலமாரியில் இதுவரை ஒரு விபத்தும் நடந்ததில்லை.

மீண்டும் சாவடிக்கு வருவோம். எப்படியும் வந்துதான் ஆக வேண்டும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலைக்கு 1988இல் ஒப்பந்தம். முப்பது ஆண்டு. கணக்குப்படி 2018இல் முடிந்து, சாலை நமக்கு வந்திருக்க வேண்டும். 2030 வரை நீட்டினார்கள். பிறகு 2038 வரை. 2020இல் கட்டணத்தை 18 விழுக்காடு குறைத்தோம் என்று கைதட்டு வாங்கிக்கொண்டு, சத்தமில்லாமல் 2058 வரை. ரிங்கிட்டில் குறைத்ததை ஆண்டில் வாங்கிக்கொண்டார்கள். நடுவில் 2018 தேர்தலில் டோலையே படிப்படியாக ஒழிப்போம் என்று ஒரு கூட்டணி வாக்குறுதி கொடுத்து ஜெயித்தது. ஒழிந்தது எது என்று உங்களுக்குத் தெரியும். இன்று பின் இருக்கையில் மூன்று வயதில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும் பிள்ளை, 2058இல் முப்பதைத் தாண்டியிருக்கும். அதன் பின் இருக்கையிலும் ஒரு பிள்ளை இருக்கும். இரண்டும் அதே சாவடியில் நிற்கும். வேறு யாருடைய குடும்பத்துக்கும் இவ்வளவு நீண்ட திட்டம் இந்த நாட்டில் யாரும் போட்டதில்லை.

இந்த ஒப்பந்தத்தை ஆரம்பத்திலேயே ஒருவர் கேள்வி கேட்டார். எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங் நீதிமன்றம் போனார். 1988இல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் சொன்னது: வழக்குத் தொடுக்க அவருக்குத் தகுதியில்லை. வரி கட்டுகிறவர், நாடாளுமன்ற உறுப்பினர், எதிர்க்கட்சித் தலைவர், அதே சாலையில் காரில் போகிறவர். இருந்தும் தகுதியில்லை. சாவடியில் காசு கொடுக்க மட்டும் நம் எல்லோருக்கும் தகுதி உண்டு. அதற்கு அடையாள அட்டைகூடக் கேட்பதில்லை.

அந்தச் சாலையின் முதலாளி யார் என்று விசாரித்தால் இன்னும் சுவை. 2011 முதல் 51 விழுக்காடு யுஇஎம் கையில். அது அரசாங்கத்தின் கஸானா நிறுவனத்துக்குச் சொந்தம். மீதி 49 விழுக்காடு ஊழியர் சேமநிதி வாரியம். அதாவது நாம். டோல் கட்டுவது நாம். டோல் வாங்குவது பாதி நாம். கழிவு கொடுத்த நாளில் ஈடுகட்டும் வரிப்பணமும் நாம். பணம் நம்மிடமிருந்து கிளம்பி, ஊரெல்லாம் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் இளைத்து நம்மிடமே வருகிறது. இதில் ஒரு நியாயமும் உண்டு, மறைக்கக் கூடாது. அந்த வருமானம் சேமநிதி லாப ஈவாக நம் கணக்கில் விழுகிறது. 55 வயதில் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம். அப்போது பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணமாகி, நம்மோடு காரில் வருவதையே நிறுத்தியிருப்பார்கள். சாவகாசமாக உட்கார்ந்து செலவழிக்கலாம். பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும் டோலுக்கு.

கோலாலம்பூரில் தீபாவளி கொண்டாடியாயிற்று. அத்தை வீட்டில் பிள்ளைகள் கண்ணாடிக் குவளையை உடைத்தாயிற்று. திரும்பும் வழி. முழுக் கட்டணம். மழை. சலுகை நாளில் கிளம்பிய எல்லோரும் சலுகை இல்லாத நாளில் ஒன்றாகத் திரும்புகிறார்கள். தாப்பாவில் நின்ற வண்டி பத்து நிமிடத்துக்குப் பிறகும் தாப்பாவில் நிற்கிறது. வானொலியில் ஒரு பெரிய மனிதர் பேசுகிறார். பெருநாள் காலச் சாலை நடவடிக்கை வெற்றி. அனைத்துத் தரப்பின் ஒத்துழைப்புக்கும் நன்றி. பெற்றோர்கள் மட்டும் இன்னும் கொஞ்சம் பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும். முன் இருக்கையில் மனைவி, "என்னங்க, அத அணைங்க" என்கிறார். கை பொத்தானுக்குப் போவதற்குள் பின்னால் சின்னது, நேற்றைய அதிரசம், இன்றைய நெஸ்லோ, வழியில் வாங்கிக் கொடுத்த கொய்யா எல்லாவற்றையும் சேர்த்து வாந்தி எடுத்தது. வழக்குத் தொடுக்கத் தகுதியில்லாத வயது. கருத்துச் சொல்லத் தகுதி இருக்கிறது.